அதாயின் கால்கயிறு

நடக்காத பிள்ளையின் பூட்ஸில் ஆட்டுப் புழுக்கை எப்படி ஒட்டும்?

அன்று சாயங்காலம் ஜிபாரின் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது இந்த ஒரு கேள்விதான். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மகன் அதாயின் கம்பளி பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையில் அடங்கிவிடுகிற சின்ன பூட்ஸ். மாமியார் புருல் தைத்துக் கொடுத்தது. மேல்பக்கம் புதுசு கலையாமல் இருக்க, அடிப்பக்கம் மட்டும் தேய்ந்து, அதில் புழுக்கையும் வைக்கோல் துணுக்கும் அப்பிக் காய்ந்திருந்தன. தவழ்கிற பிள்ளைக்கு முழங்கால்தான் அழுக்காக வேண்டும். அதாயின் கால்சட்டையில் முழங்கால் பக்கம் சுத்தமாக இருந்தது.

ஜிபாருக்கு ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் விட்டால் ரொட்டி தொண்டையில் இறங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவள் மலையூரான தாஷ்-கொரோவுக்கு முதன்முதலாக உருளைக்கிழங்கு தோண்டும் இயந்திரம் வந்த அன்று அதற்கு அடியில் புகுந்து பார்த்தாள். தலைமுடியெல்லாம் கிரீஸ். அவள் அம்மா கத்தரிக்கோலை எடுத்து ஒட்ட வெட்டிவிட்டாள். அதே வகுப்பில் படித்த எர்மெக் ஒரு வருஷம் முழுக்க அவளை மொட்டச்சி என்று கூப்பிட்டான். வளர்ந்த பிறகு அந்த மொட்டச்சியையே கட்டிக்கொண்டான்.

இப்போது அவளைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது மாஸ்கோ.

முதலில் போனவன் எர்மெக்தான். கட்டடத்தில் சிமெண்ட் பூசினான். அவன் அனுப்பிய பணத்தில் ஊரில் புது வீட்டுக்குச் சுவர் எழும்பியது. கூரைக்குத் தகரம் வாங்குவதற்குள் அவன் பேப்பரில் ஏதோ கோளாறு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இனி சில வருஷத்துக்கு அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கக்கூடாது என்று முத்திரையும் குத்திவிட்டார்கள். சுவர் மட்டும் மழையில் நனைந்துகொண்டு நின்றது. போன குளிர்காலத்தில் பட்டியில் ஆடும் செத்துப் பாதியாகிவிட்டது. அவன் போக முடியாதென்றால் அவள் போக வேண்டியதுதான். அந்தத் தெருவில் பாதி வீட்டில் இதுதான் நடந்தது.

இரண்டு வீடு தள்ளி இருக்கும் சயிரா மாஸ்கோவில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். ஊருக்கு வந்திருந்தவள், கிழங்கு நட்டு முடித்ததும் திரும்புகிறாள். கூடவே ஜிபாரையும் அழைத்துப் போவதாகப் பேச்சு. புருல் மறுப்புச் சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"புள்ள நடக்கட்டும். கால்கயிறு வெட்டுவோம். அப்புறம் நீ மாஸ்கோவுக்குப் போ, நிலாவுக்குப் போ. கயிறு வெட்டாத புள்ளைய விட்டுட்டுப் பெத்தவ ஊர் எல்லை தாண்டக் கூடாது."

இதற்கு மேல் தாஷ்-கொரோவில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பிள்ளை முதல் அடி வைத்ததும் கருப்புக் கம்பளி நூலையும் வெள்ளைக் கம்பளி நூலையும் சேர்த்து முறுக்கி இரண்டு காலையும் சேர்த்துக் கட்டுவார்கள். தூரத்தில் ஆட்களை நிறுத்தி ஓடவிடுவார்கள். முதலில் வந்து சேருகிறவர் கத்தியை வாங்கிக் கயிற்றை அறுக்க வேண்டும். அறுக்காமல் விட்ட பிள்ளை வாழ்க்கை முழுக்கத் தடுக்கி விழும். அறுத்தவர் எப்படியோ அப்படியே பிள்ளையும் வரும்.

ஆக, தகரக் கூரையும் மாஸ்கோவும் அதாயின் இரண்டு கால்களில் தொங்கிக்கொண்டிருந்தன. அதாயோ ஒரு வயது தாண்டி, வாயில் எட்டுப் பல் முளைத்து, நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்கு வந்துவிட்டான். நடக்க மட்டும் காணோம். எழுந்து நிற்கப் பார்த்தால், எங்கிருந்தோ எர்மெக் வந்து வாரித் தோளில் போட்டுக்கொள்வான்.

"எறக்கி விடேன்டா, நிக்கட்டும்" என்பாள் புருல்.

"தரை சில்லுன்னு இருக்கும்மா" என்பான் எர்மெக்.

விடிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டுப் பட்டிக்குப் போய்விடுவான். குட்டிகளைக் காட்டப் போகிறேன் என்பான். ஒரு நாளைக்குக் காட்டலாம், இரண்டு நாளைக்குக் காட்டலாம். குளிர்காலம் முடிந்ததிலிருந்து தினமும் காட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் ஜிபாரும் சயிராவும் பட்டியில் எருக்கட்டி வெட்டினார்கள். குளிர்காலம் முழுக்க ஆடுகள் மிதித்து மிதித்து இறுகிப்போன எரு, முழங்கால் ஆழத்துக்கு இருந்தது. மண்வெட்டியால் சதுரம் சதுரமாகக் கீறி, பெயர்த்து, வெயிலில் அடுக்க வேண்டும். மரமே இல்லாத ஊரில் அடுத்த குளிருக்கு இதுதான் விறகு. பெயர்க்கப் பெயர்க்க அடியிலிருந்து ஆவி வந்தது. எதிரே மலை முழுக்க இன்னும் பனி. ஆனால் முதுகில் வெயில் சுட்டது.

"இன்னுமா நடக்கல?" என்றாள் சயிரா.

"இல்லக்கா."

"என்னடி புள்ள அது! பழைய கூட்டுப் பண்ணை டிராக்டர் மாதிரி. எல்லாம் சரியா இருக்கு, கிளம்ப மட்டும் மாட்டேங்குது. நான் கிழங்கு நட்டதும் கிளம்பிடுவேன், சொல்லிட்டேன். அந்தக் கேண்டீன் சமையக்கட்டு அம்மா உனக்காக எடத்த அடைகாத்துக்கிட்டு இருக்க மாட்டா. நீ இல்லன்னா வேற ஒருத்தி."

"தெரியும்க்கா." ஜிபார் ஒரு கட்டியைத் தூக்கி அடுக்கிவிட்டு வந்தாள். "அக்கா, மாஸ்கோவுல படி தானா ஓடும்னு சொன்னீங்களே. அதுல மொத தடவ கால் வெச்சப்ப எப்படி இருந்துச்சு?"

"மறுபடியுமா? எத்தன தடவடி கேப்ப?"

"சொல்லுங்க."

"பயந்துக்கிட்டு ஓரமா நின்னேன். பின்னாடி வந்த கூட்டம் தள்ளிவிட்டுருச்சு. மேல போனப்புறம் பாக்கறேன், ஒரு செருப்பு கால்ல இல்ல. ஒத்தச் செருப்போடதான் மொத நாள் வேலைக்கே போனேன்."

"கீழ எறங்கி எடுத்திருக்கலாம்ல?"

"எறங்கறதுக்கும் அதுலதானடி கால் வெக்கணும்!"

இருவரும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார்கள்.

"சரி, பூமிக்கு அடியில ரயில் போகுதே, அங்க காத்து எப்படி வரும்?"

"அத நீயே போய்க் கேட்டுக்க. நாங்கள்லாம் அதுல ஏறுனா தூங்கறவங்க." சயிரா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "ஏண்டி, போறவளுங்க எல்லாம் வேல கஷ்டமா, முதலாளி நல்லவனான்னு கேப்பாளுங்க. நீ காத்து எப்படி வருதுன்னு கேக்கற."

ஜிபார் குனிந்து வெட்டினாள். முகம் சூடேறியது. குடும்பத்துக்காகப் போகிறாள் பாவம் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. பாவம்தான், பொய்யில்லை. கூரை வேண்டும், ஆடு வேண்டும். ஆனால் அது பாதி. மீதிப் பாதியை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்குப் பார்க்க வேண்டும். ஓஷ் நகரத்தைத் தாண்டி அவள் எதையுமே பார்த்ததில்லை. பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறவளுக்கு இப்படி ஓர் ஆசையா என்று தன்மேலேயே வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டாலும் ஆசை குறைகிற வழியாக இல்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, வழக்கம்போல் புருல் ஆட்டுவால் கொழுப்பை உருக்கிப் பேரனின் கால்களில் தேய்த்துவிட்டாள். தேய்க்கத் தேய்க்க உதடு எதையோ ஓதியது. அதாய் கூச்சத்தில் கெக்கலித்தான். எர்மெக் உப்புப் போட்ட பால்தேநீரைக் கிண்ணத்தோடு ஏந்திக்கொண்டு சுவரைப் பார்த்துக் குடித்தான்.

"உங்க தாத்தா பத்து மாசத்துல குதிரையில ஏறினவருடா" என்றாள் புருல் பேரனிடம். "நீ ஏன்டா இப்படி? என் கண்ணே பட்டுருச்சோ என்னமோ. மருமவளே, சாம்பிராணிச் செடி இன்னும் இருக்கா? கொஞ்சம் புகை போடு."

ஜிபார் புகை போட்டாள். புகைக்கு நடுவே புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவன் கிண்ணத்துக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டான்.

விடிந்தது. எர்மெக் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். ஜிபார் பாதி கறந்த மாட்டை அப்படியே விட்டுவிட்டு, வாளியை நாய்க்கு எட்டாத உயரத்தில் மாட்டிவிட்டுப் பின்னால் போனாள். பட்டிச் சுவரில் ஒரு கல் பெயர்ந்த இடம் இருந்தது. அதில் கண்ணை வைத்தாள்.

உள்ளே ஆவியும் கம்பளி வாடையுமாக வெதுவெதுப்பாக இருந்தது. காதறுந்த ஒரு கிழட்டு ஆடு நடுவில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் வயிற்றுக் கம்பளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதாய் நின்றான். ஆடு நகர்ந்தது. அவனும் நகர்ந்தான். பிறகு கம்பளியை விட்டான். தண்ணீர்த் தொட்டி ஓரமாக எர்மெக் குந்தியிருந்து, காய்ந்த தயிருருண்டை ஒன்றை விரல் நுனியில் காட்டினான். அதாய் கைகளை விரித்துக்கொண்டு, புழுக்கை மேலும் வைக்கோல் மேலும் தப்தப்பென்று மிதித்து, வழியில் நின்ற குட்டியைச் சுற்றிக்கொண்டு போய் அப்பாவின் மேல் விழுந்தான். எர்மெக் சத்தம் வராமல் கைதட்டினான்.

ஜிபார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நடக்கிறான்! என் பிள்ளை நடக்கிறான்! குட்டியைக்கூடச் சுற்றிக்கொண்டு போகிறான்! அந்தச் சந்தோஷம் தீர்ந்த பிறகுதான் கோபம் வந்தது. வந்த கோபம் சுவரைச் சுற்றி அவளை இழுத்துக்கொண்டு போயிற்று.

"எத்தன நாளா?"

எர்மெக் துள்ளி எழுந்தான். "ஜிபார்! மாடு..."

"மாடு கெடக்கட்டும். எத்தன நாளா நடக்கறான்?"

அவன் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். பழக்கதோஷம். "குட்டி போட்டு முடிஞ்ச சமயத்துலருந்து."

"அப்ப வாசல்ல கெடந்த பனிகூட உருகலயே! அடப்பாவி! உங்கம்மா தெனமும் கொழுப்ப உருக்கித் தேய்க்கறாங்க. முல்லாகிட்டப் போய் ஓதிட்டு வந்தாங்க. தன் கண்ணே பட்டுருச்சுன்னு அழறாங்க. நீ குத்துக்கல்லு மாதிரி டீ குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்க!"

"கொழுப்பு தேய்ச்சா காலுக்கு நல்லதுதான்" என்றான் எர்மெக்.

அவளுக்குச் சிரிப்பும் வந்து தொலைத்தது. அடக்கிக்கொண்டாள். "போகாதேன்னு வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல வேண்டியதுதான?"

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்ல? கூரையில தகரம் இல்ல. நான் போக முடியாது. போகாதேன்னு சொன்னா, அப்ப நீ என்ன கிழிக்கப் போறேன்னு கேப்ப. நீ கேக்க மாட்ட. எனக்குக் கேக்கும்."

ஆடு வந்து அவன் கையிலிருந்த தயிருருண்டையை முகர்ந்தது. அதைத் தள்ளிவிட்டான்.

"அழுதுக்கிட்டே போறவளா இருந்தா விட்டிருப்பேன்" என்றான். "சயிரா பேசறப்ப உன் மூஞ்சியப் பாத்தேன் ஜிபார். அந்த இயந்திரத்துக்கு அடியில புகுந்தியே, அன்னைக்கு இருந்த அதே மூஞ்சி. அத பாத்ததும் எனக்குக் கை கால் ஓடல. கஷ்டத்துக்காகப் போறவ கஷ்டம் தீந்தா திரும்பி வருவா. பாக்கப் போறவ?"

ஜிபார் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். பொய் சொல்லலாமா என்று யோசித்தாள். சொல்ல வரவில்லை.

"ஆமா. எனக்குப் பாக்கணும். எல்லாத்தையும் பாக்கணும். தானா ஓடுற படியப் பாக்கணும், அந்த ஊர் ஆத்தப் பாக்கணும். இவ்ளோ ஜனம் எங்க தூங்குதுன்னு பாக்கணும். இவன விட்டுட்டு எப்படி இருப்பேன்னு தெரியல. ஆனாலும் பாக்கணும். என்ன ஜென்மமோ நான், போ."

எர்மெக் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அதாய் இருவருக்கும் நடுவில் இருந்து அம்மாவின் முக்காட்டை இழுத்தான்.

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, போறப்ப" என்றான் எர்மெக். "கட்டற கட்டடத்துலயே கீழ் அறையில தூங்குவோம். எழுந்து மேல போய்ப் பூசுவோம். மறுபடி எறங்கி வந்து தூங்குவோம். திரும்பி வந்தப்ப ஆறு எப்படி இருக்கும்னு நீ கேட்ட, ஞாபகம் இருக்கா? எனக்குச் சொல்லத் தெரியல. உச்சியில நின்னு பாத்தா ஒரு சாம்பல் கோடு. அவ்வளவுதான். கிட்டப் போனதே இல்ல. நீ கேள்விமேல கேள்வி கேட்டியா, எனக்கு அவமானமாப் போச்சு."

"அதான் அன்னைக்கு எரிஞ்சு விழுந்தியா?"

"ஆமா."

வெளியே மாடு கத்தியது. பால் மடியில் கட்டிக்கொண்டிருக்கும்.

"போய்ப் பாரு" என்றான் அவன். "கிட்டப் போய்ப் பாரு. வந்து எனக்குச் சொல்லு. ஆனா வரணும்."

"வராம எங்க போவேன்?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, இவன் எப்ப நடக்கணும்?"

எர்மெக் யோசித்தான். "நாளைக்கு நடக்கட்டும். இன்னைக்கு ஒரு நாள் எனக்கு இருக்கட்டும்."

அப்படியே நடந்தது. மறுநாள் மத்தியானம் புருல் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது எர்மெக் பிள்ளையைக் கீழே விட்டான். அதாய் எழுந்தான், இரண்டு அடி வைத்தான், கம்பளம் வழுக்கி உட்கார்ந்தான். புருல் மாவுக்கையோடு அவனை அள்ளி மூஞ்சியெல்லாம் மாவாக்கினாள்.

"கொழுப்பு வேல செஞ்சிருச்சு! நான் சொன்னேன்ல?"

"செஞ்சிருச்சும்மா" என்றான் எர்மெக், அவள் கண்ணைப் பார்க்காமல்.

கிழங்கு நட்டு முடித்த வாரத்தில் நாள் குறித்தார்கள். ஒரு ஆடு அறுத்தார்கள். வாசலில் கொப்பரை ஏறியது. பெண்கள் மாவைச் சதுரம் சதுரமாக வெட்டி எண்ணெயில் போட்டுப் பொன்னிறப் போர்சோக்குகளாக அள்ளிக் குவித்தார்கள். புருலுக்கு மட்டும் ஒரே கவலை. யார் கயிற்றை அறுப்பது? தாய் போகிறாள், தகப்பன் போய் வந்தவன். பேரனாவது இந்த மண்ணில் நிற்க வேண்டும். அதற்கு, ஊரைவிட்டுப் போகாத, போக நினைக்காத ஆளாகப் பார்த்து ஜெயிக்க வைக்க வேண்டும். கொப்பரையைச் சுற்றி நின்ற ஊர் மருமகள்களை ஒவ்வொருத்தியாக விசாரித்தாள்.

"நீ?"

"நான் ரெண்டு வருஷம் கஸான்ல வேலைக்கு இருந்தேனே அத்த."

"நீ?"

"எனக்குப் பாஸ்போர்ட் வந்துருச்சு பெரியம்மா."

"நீ? நீ எங்கயும் போகலல்ல?"

"அவரு கூப்பிட்டா போகத்தான வேணும்?"

"அடச்சீ, இந்தத் தெருவுல நெலையா நிக்கறது சுவர் மட்டும்தானா?" என்றாள் புருல்.

கடைசியில் கல்பூ அகப்பட்டாள். காரில் ஏறினாலே வாந்தி எடுக்கிறவள். ஓஷுக்குக்கூடப் போனதில்லை, போக மாட்டேன் என்று சத்தியமே செய்திருந்தாள். ஆளும் நல்லவள். ஒரே குறை, கதவில் பக்கவாட்டில் நுழைகிற உடம்பு. புருல் ஓடப்போகிற பெண்கள் ஒவ்வொருத்தியின் காதிலும் போய் ஏதோ சொல்லிவிட்டு வந்தாள்.

தாஷ்-கொரோ அப்படி ஓர் ஓட்டத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. கூப்பாடு கேட்டதும் எல்லாரும் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாய்ந்தார்கள். பாதி வழியில் புருல் சொன்னது ஞாபகம் வந்து, நின்ற இடத்திலேயே ஓடினார்கள். ஒருத்தி செருப்பு அறுந்ததாகக் குனிந்தாள். ஒருத்தி முக்காட்டை அவிழ்த்து நிதானமாகக் கட்டிக்கொண்டாள். சயிரா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ சுளுக்கிருச்சு" என்று சந்தோஷமாகக் கத்தினாள். அத்தனை பேரையும் தாண்டி, முகம் பீட்ரூட்டாகச் சிவக்க, புஸ் புஸ்ஸென்று இரைத்துக்கொண்டு கல்பூ வந்தாள். பிறந்ததிலிருந்து அவள் எதிலும் முதலில் வந்ததில்லை. கத்தியை வாங்கும்போது அழுதேவிட்டாள்.

"அறு, அறு! என் பேரன் உன்ன மாதிரி இருக்கட்டும்!" என்றாள் புருல்.

"உடம்பு வேண்டாம், மனசு மட்டும்!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

கருப்பும் வெள்ளையுமான கயிறு அறுந்து விழுந்தது. அறுத்தவள்தான் பிள்ளையின் கையைப் பிடித்து முதல் அடி நடத்த வேண்டும். கல்பூவுக்கு மூச்சு வாங்கியது, அப்படியே கம்பளத்தில் உட்கார்ந்துவிட்டாள். அதாய் அவள் கையை உதறினான்.

ஜிபார் கொஞ்ச தூரத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். இந்த நிமிஷத்துக்காகக் காலையிலிருந்து காத்திருந்தாள். ஊருக்கு முன்னால் தன் மகன் தன்னிடம் நடந்து வருவதைக் கண்ணில் வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும். அங்கே எத்தனை வருஷமானாலும் அது போதும்.

"வா கண்ணு. அம்மாகிட்ட வா."

அதாய் கிளம்பினான். தள்ளாடவில்லை. தடுக்கவில்லை. கைகளை விரித்து, தப்தப்பென்று மிதித்து, குறுக்கே கிடந்த செருப்பு ஒன்றைப் பார்த்துச் சுற்றிக்கொண்டு வந்தான்.

"இது போன வாரம் கத்துக்கிட்ட நடையா?" என்றாள் புருல் மெதுவாக. அவள் கண் மகனைத் தேடியது.

எர்மெக் எல்லாருக்கும் பின்னால், கொப்பரைப் பக்கம் கரண்டியோடு நின்றிருந்தான். பிள்ளை ஜிபாருக்கு எதிரே வந்து நின்றான். நீட்டியிருந்த கைகளைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தான், வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்த்துச் சிரிப்பானே, அப்படி. பிறகு குட்டியைச் சுற்றிப் போனதுபோல் அவளையும் சுற்றிக்கொண்டு போனான்.

"என்கிட்ட வராதடா, அம்மாகிட்டப் போ" என்றான் எர்மெக். ஒரு அடி பின்னால் நகர்ந்தான். அதாய்க்கு அது விளையாட்டாகப் பட்டது. சிரித்துக்கொண்டே வேகமாக நடந்து போய் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டான்.

அவன்மேல் என்ன தப்பு? நடக்கக் கற்ற நாளெல்லாம் அந்த ஒருத்தனை நோக்கித்தானே நடந்திருக்கிறான். இது ஜிபாருக்குப் புரிந்தது. புரிந்ததால் வலி கொஞ்சமும் குறையவில்லை.

அதற்குள் பெண்கள் வழக்கப்படி போர்சோக்குகளையும் மிட்டாயையும் வாரி இறைக்க ஆரம்பித்திருந்தார்கள். எல்லாரும் கூச்சலிட்டுப் பொறுக்கினார்கள். கல்பூவை யாரோ தூக்கி நிறுத்தி முத்தம் கொடுத்தார்கள். ஜிபாரின் கைகள் இன்னும் நீட்டியபடியே இருந்தன. அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல், அவளும் குனிந்து, புல்லில் கிடந்த போர்சோக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

சயிரா பக்கத்தில் வந்து குந்தினாள். "என்னடி?"

"ஒண்ணுமில்லக்கா" என்றாள் ஜிபார். "நல்லா நடக்கறான்."